பன்னிரண்டு மீட்டர்

குளச்சலில் வலைச்சாமான் கடை.
வாசலில் தொங்கும் மிதவைகள்
ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன.
மலைக்குப் போகக் கயிறு வேண்டும் என்றால்
கடலுக்குப் பக்கத்திலா வந்து நிற்பது என்று
கடைக்காரர் டெல்லஸ் கேட்கவில்லை.
"எத்தனை பாகம்?" என்றார்.
எனக்கு மீட்டர்தான் தெரியும்.

சமையலறைத் தராசைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.
வெட்கம்தான்.
ஆனால் தாடகைமலை ஏறுகையில்
பையில் கிடக்கும் ஒவ்வொரு கிராமும்
மூன்றாம் மணிநேரத்தில் வாய் திறக்கும்.
பல்துலக்கியின் காம்பைப் பாதியாக ஒடித்தவள் நான்.
சீப்பைக் கொண்டுபோவதே இல்லை.

தேங்காய்நார்க் கயிற்றை
உள்ளங்கை உடனே நம்பிவிட்டது.
தராசு இருநூற்று அறுபது காட்டிற்று,
அதுவும் காய்ந்திருக்கும்போது.
பருத்திக்கொடி, துணி உலர்த்த.
இரண்டு மில்லி வெள்ளைக் கயிறு,
வாயில் நுழையாத பேர்,
பன்னிரண்டு மீட்டருக்கு இருபத்தெட்டே கிராம்,
முந்நூறு கிலோ தாங்குமாம்.
இழுத்தேன். விரல்மடிப்பில் சிவப்புக்கோடு.
முடிச்சிட்டேன்.
கடன் கேட்டவனைக் கண்ட சொந்தக்காரன் மாதிரி
நைசாக நழுவிற்று.

மூன்று மில்லி நைலான்: எழுபத்திரண்டு.

"தொங்கப்போறது சாமானா, ஆளா?"
அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

போன ஐப்பசியைச் சொன்னேன்.
காளிகேசத்துக்கு மேலே ஓர் ஓடை.
போகும்போது கணுக்கால்,
வரும்போது இடுப்பு.
விஜிலா முதலில் தாண்டிவிட்டாள்,
நான் செருப்புவாரை இறுக்கக் குனிந்த நேரத்தில்
தண்ணீர் நிறம் மாறிவிட்டது.
சோறு அவள் பையில்.
டார்ச் என் பையில்.
அவள் கத்தியதெல்லாம் எனக்கு வெறும் வாயசைவு.
ஒன்றரை மணிநேரம்
அவள் தின்னாமல் நின்றாள், எனக்காக.
அதுதான் எனக்கு அதிகக் கோபம்.
துப்பட்டா இரண்டேகால் மீட்டர்.
ஓடை, கண்ணளவில், பத்து.

"ஆள் இறங்க மாட்டோம்," என்றேன்.
"பை மட்டும் போய் வந்தால் போதும்."

பத்துக்குப் பன்னிரண்டு எதற்கு என்று
அவர் கேட்கவில்லை.
முடிச்சு கயிற்றைத் தின்னும்,
அது அவர் தொழில்.
வேறொன்று கேட்டார்:
"அக்கரைக்கு எப்படிப் போகும் இது?"

எறிவேன்.

"எறிஞ்சு காட்டுங்க."

கடைக்கு எதிரே, மீன் ஏற்றும் டெம்போவைத் தாண்டி
சுருட்டி எறிந்தேன்.
காற்று அதை விரித்துப் பார்த்துவிட்டு
என் காலடியிலேயே திருப்பித் தந்தது.
ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த பையன்கள்
வேலையை நிறுத்தினார்கள்.

டெல்லஸ் உள்ளே போய்
ஒரு டப்பாவைக் கிலுக்கி
வலையின் அடிவிளிம்பில் கோக்கிற
ஈயமணி ஒன்றை எடுத்துவந்தார்.
"மலையில கல்லுக்கா பஞ்சம்?" என்றேன்.
"ஆத்துக்கல்லு உருண்டை. கட்டு நிக்காது."

தராசில் வைத்தேன்.
ஐம்பத்தொன்று.
காம்பு ஒடித்ததில் மிச்சம்பிடித்தது ஆறு.
சீப்புக்குப் பதினான்கு.
இரண்டு வருடச் சிக்கனம்
ஒரு விரல்கணு நீள ஈயத்தில்
கடலோரம் மூழ்கிற்று.
"வச்சுக்கிடுங்க, அதுக்குக் காசு வேண்டாம்."
லைட்டரால் இரண்டு நுனியையும் உருக்கி
எச்சில் தொட்டு அழுத்தித் தந்தார்.

நாகர்கோவில் பஸ்ஸில் மடியில் அந்தச் சுருள்.
திங்கள்நகர் தாண்டும்வரை
அவசரகாலங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப்
பொருத்திப் பார்த்தேன்.
எல்லாவற்றிலும் நான்தான் எறிந்தேன்.
எல்லாவற்றிலும் சரியாகப் போய் விழுந்தது.

மாசியில் ஓடையில் தண்ணீரே இல்லை.
பெருவிரல் நனையாமல் கடந்தோம்.
அதற்கப்புறம், வெறும் இறக்கத்தில்,
விஜிலாவின் ஷூ அடிப்பாகத்தை விட்டு
நாய் கொட்டாவி விடுவதுபோலத் திறந்துகொண்டது.
கத்தி எடுத்து
ஒன்றரை மீட்டர் வெட்டினேன்.
கை கொஞ்சம் தயங்கியது, சொல்லிவிடுகிறேன்.
மூன்று சுற்று, கணுக்காலில் முடிச்சு.
கீரிப்பாறை வரை நொண்டாமல் வந்தாள்.

அந்தத் துண்டை அவள் இன்னும் தரவில்லை.
ஸ்கூட்டரில் முட்டைத் தட்டைக் கட்டியிருப்பதை
வடசேரிச் சந்தையில் பார்த்தேன்.

என்னிடம் இருப்பது பத்தரை.
முடிச்சுக்குப் போனால் ஒன்பதே முக்கால்.
ஓடை பத்து.
அதுவும் கண்ணளவில்.